விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

(சங்கத்தின் வெள்ளி விழாவை ஒட்டிக் காந்தலில் நடைபெற்ற மாணவர் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'கல்வியின் சிறப்பு' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு தலைவர் அவர்கள் எனக்குப் பணித்திருந்தார்கள். அத்தலைப்பை மாற்றித் தருமாறு நானே வேண்டிக்கொண்டேன். கல்வி சிறந்தது என்று நம் மக்களுக்கு இனி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பனியில் தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்படும் தாய்க்கு அது தெரியும். நகராட்சித் துப்புரவுப் பணிக்குத் துடைப்பத்தோடு செல்லும் தந்தைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கட்குத் தெரியாதது வேறொன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகிறது. பிள்ளை தேறிவிட்டான். கல்லூரி விண்ணப்பம் வருகிறது. அதில் 'விரும்பும் பாடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அக்கட்டத்தில் என்ன எழுதுவது? அடுத்த நாற்பதாண்டு வாழ்க்கையை முடிவு செய்யும் அந்தக் கட்டத்தை நம் வீடுகளில் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். அதனைக் குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு. என் தந்தையார் உதகைக் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி ஏற்றி அவருடைய வலது தோள் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். எங்கள் குடும்பத்தில் பிளஸ் டூ தேறியவன் நானே முதல்வன். கணக்கில் எனக்கு நல்ல மதிப்பெண். கணக்கே எனக்கு விருப்பமும்கூட. மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் இருந்த ஒரு கல்லூரிக்குத் தந்தையாரும் நானும் சென்றோம். விண்ணப்பம் வாங்கும் இடத்தில் இருந்தவர் என் சாதிச் சான்றிதழைப் பார்த்தார். தந்தையாரின் தோளைப் பார்த்தார். என் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கவில்லை. தம் பேனாவை எடுத்து அக்கட்டத்தில் 'வரலாறு' என்று அவரே எழுதினார். உபகாரச் சம்பளத்தில் படிக்கிற பையனுக்கு இதுவே எளிது, கணக்கெல்லாம் தாங்காது என்றார். நான் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில், கல்லாற்றுக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது தந்தையார், "பெரியவரு எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் எனக்குச் சொன்ன ஆறுதல் அது.

வரலாற்றைப் படித்ததற்காக நான் வருந்தவில்லை. பின்னர் அதனை விரும்பியே படித்தேன், பி.எட். முடித்து ஆசிரியனானேன், அப்பாடமே எனக்குச் சோறு போட்டது. என் குறை அதுவன்று. பேனா என் கையில் இல்லை என்பதே குறை. ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அந்த மேசையும் அந்தப் பேனாவும் என் நினைவில் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் எவருக்கும் அது நேரலாகாது என்பதற்காகவே சொல்கின்றேன்.

இது தனி ஒருவனுக்கு நேர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் இதே செய்தியை அரசாங்கத்திடமே எழுத்தில் எடுத்துரைத்திருக்கிறார்கள். 1942-இல் அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு ஒரு நீண்ட அறிக்கை அளித்தார். அதில் உயர்கல்வி பற்றிய பகுதியை ஒவ்வொரு மாணவனும் அறிந்திருத்தல் வேண்டும். கலைப் பாடமும் சட்டமும் மட்டும் நம் பிள்ளைகட்குப் பெரிதும் துணைசெய்யா. அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்ந்த படிப்பே அவர்களைத் தூக்கி நிறுத்தும். அப்படிப்போ செலவு மிகுந்தது. ஆதலின் அதற்கென்றே அரசு உதவித்தொகை அளித்தல் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1944-இல் இந்திய அரசு பட்டியல் சாதி மாணவர்க்குக் கல்லூரி உதவித்தொகையைத் தொடங்கியது. இன்று நீங்கள் 'போஸ்ட் மெட்ரிக்' என்று வாய்நிறையச் சொல்லும் உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வாறு எழுதியவரோ கலைப் பாடமும் சட்டமும் பயின்றவர்! 1912-இல் பம்பாயில் பி.ஏ.; பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம்; அங்கே பொருளியலே முதன்மைப் பாடம். 1916-இல் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும், பாரிஸ்டர் படிப்புக்கெனக் கிரேஸ் இன்னிலும் ஒருங்கே சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் அரசுப் பணி ஏற்றபோது, அத்தனை பட்டம் பெற்றவருக்கும் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பின்னர்ப் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணம் சேர்த்து, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1923-இல் ரூபாய் நாணயச் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம் கிட்டியது, அக்காலத்திலேயே பாரிஸ்டர் பட்டமும் கைக்கு வந்திருந்தது.

அவர் ஏன் இரண்டையும் படித்தார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். நாட்டின் செல்வம் எவர் கையில் எவ்வாறு சேர்கிறது என்று அறிவதற்குப் பொருளியல் வேண்டியிருந்தது. பிறர் வீட்டு வாசலில் வேலைக்கு நில்லாமல் சொந்தக் காலில் நின்று பிழைப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. பரோடாவில் பட்ட பாடு அந்த இரண்டாவது தேவையை அவருக்கு அழுத்தமாகக் காட்டியிருத்தல் வேண்டும். ஆக, பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார். அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்தான் என்பதற்காக எடுக்கவில்லை.

நம் மலைக்கும் இதில் பங்குண்டு. அயோத்திதாசப் பண்டிதர் இளமையில் வாழ்ந்தது இந்நீலகிரியில்தான். 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியதும் இங்கேதான். அவர் தேர்ந்த சித்த மருத்துவர். தமிழில் ஆழங்கால் பட்டவர். 1907-இல் பத்திரிகை தொடங்கியவர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயமுத்தூரில் படித்துவிட்டு, இம்மலையில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பல்லாண்டு பணியாற்றினார். சென்னை சென்று 1893-இல் பத்திரிகை நடத்தியவரும், 1930-இல் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்றவரும் அவரே. ஒருவருக்கு மருத்துவம், மற்றவருக்குக் கணக்கு வழக்கு. பி.காம். படிப்பவனை 'வெறும் கணக்குப்பிள்ளை' என்று கேலி செய்யும் இளைஞர்கள் இதனை நினைவில் கொள்க.

இனி, பாடத்தைத் தேர்ந்தெடுக்க நம்மவர் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். 'இதைப் படித்தால் உடனே வேலை' என்பதே எக்காலத்தும் முதற் காரணம். என் இளமையில் காந்தல் முக்கோணத்தில் நின்று எவரைக் கேட்டாலும், 'வேதியியல் எடு, பிலிம் தொழிற்சாலையில் வேலை' என்பார்கள். 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை அக்காலத்தில் உதகையின் பெருமை. எக்ஸ்ரே பிலிமும் திரைப்படத்துக்கான பிலிமும் அங்கே உருவாயின. அந்நிறுவனத்தின் பேருந்து முக்கோணத்தில் வந்து நிற்கும்போது அதில் ஏறுகிறவனை ஊரே நிமிர்ந்து பார்க்கும். பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1990-களிலேயே ஆலை நலிந்தது, பிலிமே தேவைப்படாத கேமராக்கள் வந்தன, ஊதியமின்றி ஊழியர்கள் பல காலம் தவித்தனர், ஆலையும் மூடப்பட்டது.

இதில் வேதியியலின் குற்றம் ஏதுமில்லை. நானறிந்த இருவரைச் சொல்கிறேன். இருவரும் ஒரே ஆண்டில் வேதியியல் எடுத்தவர்கள். ஒருவர் ஆலையை மட்டுமே மனத்தில் வைத்துப் படித்தார். தேர்வுக்கு வேண்டியதைத் தவிர ஒரு பக்கம் கூடுதலாகப் புரட்டவில்லை. மற்றவருக்கு அப்பாடமே பிடித்துப்போயிற்று, முதுகலை படித்தார், இன்று மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறார். ஆலை மூடியபோது முன்னவரின் பட்டமும் அதனோடு மூடிக்கொண்டது. இன்று கணினிப் படிப்பைக் குறித்து நீங்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பேருந்து நினைவுக்கு வருகிறது. கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாடம் உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுங்கள். பேருந்துக்காக எடுக்காதீர்கள்.

அடுத்து நான் செய்த ஒரு தவற்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகட்கு முன் என் பள்ளியில் படித்துப் பின்னர்ப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு மாணவன் தன் தாயோடு என்னிடம் வந்தான். பையன் கெட்டிக்காரன், ஆனால் கணக்கில் சுமார். பழுதுபட்ட எந்த இயந்திரத்தையும் கையால் தொட்டே சரிசெய்வான். பள்ளியின் தண்ணீர் மோட்டாரை எத்தனையோ முறை அவன்தான் ஓட வைத்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பாலிடெக்னிக் சேர், பட்டயம் முடித்தபின் நேரடியாக இரண்டாம் ஆண்டுப் பொறியியலில் சேர வழியுண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, நம் இனத்தில் ஒரு பொறியாளன் உருவாகட்டும் என்ற ஆசையில், உடனே பொறியியல் சேர் என்றேன். யாரோ ஒரு முகவர் காட்டிய தனியார் கல்லூரியில் சேர்ந்தான். முதலாண்டுக் கணிதத் தாளே அவனை வீழ்த்திவிட்டது. நிலுவைத் தாள்கள் ஏறின. மூன்றாம் ஆண்டில் திரும்பி வந்துவிட்டான். இன்று சுற்றுலாப் பயணிகட்குக் கார் ஓட்டுகிறான். சேரிங் கிராஸ் பக்கம் என்னைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து வணக்கம் சொல்கிறான். ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. அதுவே எனக்குப் பொறுக்க முடியாமல் இருக்கிறது. அன்று பேனாவைப் பிடித்தது நான். எழுதப்பட்டது அவன் வாழ்க்கை.

ஆதலின் ஆசிரியர்கள் சொல்வதையும் கேளுங்கள். ஆனால் முடிவை நீங்கள் எடுங்கள்.

சில செய்திகளை மட்டும் கட்டாயமாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் பெரும்பாலான பதவிகட்கும், இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். எனவே 'கலெக்டர் ஆவதற்கு எந்தப் பாடம் எடுக்க வேண்டும் ஐயா?' என்று கேட்கும் பிள்ளைக்கு, 'நீ மூன்றாண்டும் முகம் சுளிக்காமல் படிக்கக்கூடிய பாடம்' என்பதே என் விடை. சட்டத்துக்கு இரண்டு வழி: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு, பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு.

ஆசிரியராக விரும்புவோர் மிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பள்ளியில் கற்பிக்கப்படும் பாடத்தைப் பட்டப் படிப்பில் எடுத்தவருக்கே பி.எட். வாசல் நேராகத் திறக்கும். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவை அத்தகையன. பொருளியல், வணிகவியல் எடுத்தவர்கள் முதுகலையும் முடித்தே பி.எட். சேர முடியும். இதனை அறியாமல் மூன்றாண்டு முடித்துவிட்டு என்னிடம் வந்து கண்கலங்கியவர்கள் உண்டு.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. பழைய பாடத்துக்குப் புதுப்பெயர் சூட்டிச் சில பட்டங்கள் நடத்தப்படுகின்றன. பெயர் கவர்ச்சியாக இருக்கும். படித்து முடித்து, ஆசிரியர் தேர்வு எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும்போது, 'இப்பட்டம் அப்பாடத்துக்கு இணையானது என்று அரசாணை உண்டா?' என்று கேட்பார்கள். இல்லையென்றால் உழைப்பெல்லாம் வீண். ஆகவே சேர்வதற்கு முன்பே, 'இந்தப் பட்டம் எதற்கு இணை?' என்ற கேள்வியைக் கல்லூரி அலுவலகத்தில் கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணமில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் இப்போதே வந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்கிறீர்களோ அதைப் பொறுத்தே பிந்தைய வாசல்கள் திறக்கும். கணிதத்தை விட்டால் பொறியியல் வாசல் அடைபடும்; உயிரியலை விட்டால் மருத்துவம் எட்டாது. 'கணக்குக் கடினம்' என்று பள்ளியே உங்களை வேறு பிரிவுக்குத் தள்ளினால், பெற்றோரை அழைத்துக்கொண்டு மறுநாளும் போய் நில்லுங்கள். தலைமையாசிரியனாகிய நானே சொல்கிறேன்; என் அறைக்கும் வரலாம்.

நம் காலத்தில் இல்லாத சில உதவிகள் இன்று உள்ளன. ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காட்டில் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காட்டு இடங்கள் உண்டு. 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளுள் நம் நீலகிரிக் கல்லூரியும் ஒன்று. நீட் என்னும் மதில் நடுவே நிற்கிறது. அதனை நான் மறைக்கவில்லை. ஆயினும் மருத்துவமனை என்றால் மருத்துவர் மட்டும்தானா? செவிலியம், ஆய்வக நுட்பம், கதிரியக்க நுட்பம், மருந்தியல் என எத்தனையோ படிப்புகள் உள்ளன. அவற்றின் பெயரே நம் வீடுகளில் இன்னும் ஒலிக்கவில்லை.

கண்ணெதிரே இருப்பதையும் நாம் காண்பதில்லை. முத்தோரை வழியே பேருந்தில் போகும்போது சரிவில் நீண்டு கிடக்கும் கம்பிச் சட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். 1970 முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கிறது; உதகையின் நிலநேர்க்கோடும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. இந்தப் பொருத்தத்துக்காகவே அறிவியலறிஞர்கள் இந்தியாவில் தேடித் தேடி நம் மலைக்கு வந்தார்கள். அதன் நிழலில் உருளைக்கிழங்கு தோண்டிய நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இயற்பியல் எடுத்தார்கள்? அம்முத்தோரையிலேயே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு. குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிறுவனம் உண்டு. ஸ்டோன் ஹவுஸ் குன்றில் 1955 முதல் நடக்கும் அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல்கூட உண்டு. காட்டையும் கரடியையும் நம்மைவிட அறிந்தவர் எவர்? காந்தல் தெருவிலேயே கரடி வருகிறதே! (சிரிப்பு)

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு நம் பகுதிப் பெண் ஒருத்தி புவியியல் படிக்க விரும்பினாள். கோவைக்குப் போக வேண்டும். விடுதியில் தங்க வேண்டும். வீட்டில் மறுத்தார்கள். "பொட்டப் புள்ளைக்கு எந்தப் படிப்பா இருந்தா என்ன, பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார் பாட்டி. நான் இரண்டு முறை அவ்வீட்டுக்குச் சென்றேன். பாட்டியின் அச்சம் எனக்குப் புரிந்தது; அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. மூன்றாம் முறை அப்பெண்ணின் தாயையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு கோவை சென்று, ஆதிதிராவிடர் நல விடுதியைக் காட்டினேன். விடுதிக் காப்பாளரோடு பாட்டி அரை மணி நேரம் பேசினார், சமையற்கட்டைப் பார்த்தார், கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். இப்போது அப்பெண் புவியியல் முதலாண்டு படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாயும், ஆண்பிள்ளைகட்கு 2024 முதல் அதே தொகையும் அரசு தருகிறது. பணத்தைவிட அந்தத் தாழ்ப்பாளே பாட்டிக்குப் பெரிதாக இருந்தது. ஆகவே மறுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள்.

விண்ணப்பம் இப்போது இணையவழியில் நடைபெறுகிறது. கடைக்காரர் கையில் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு 'ஏதாவது போட்டுவிடுங்கள் அண்ணா' என்று சொல்லாதீர்கள். முன்பு மேசைக்குப் பின்னால் இருந்தவர் செய்ததை இப்போது அவர் செய்துவிடுவார். வீட்டிலேயே ஒரு தாளில் விரும்பும் பாடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு செல்லுங்கள். ஏன் என்று எழுத முடியாத பாடத்தை அடித்துவிடுங்கள்.

சங்கத்தின் படிப்பகத்தில், தேர்வு முடிவு வந்த நாள் முதல் ஒரு வாரம், மாலை ஐந்து மணிக்கு மேல் நான் அமர்ந்திருப்பேன். வேதியியல் ஆசிரியர் நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கார் ஓட்டும் அந்தத் தம்பியையும் அழைத்திருக்கிறேன். தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டான். பாலிடெக்னிக் பற்றி இனித் தனக்காகவும் விசாரிக்கப் போவதாகச் சொன்னான். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, நான் கேட்ட அந்த ஒரு தாள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். பேனாவும் நீங்களே கொண்டு வர வேண்டும்.